தங்கநா வட்டமும் ஒரு நன்றியுரையும்

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். காலேஜில் படித்த காலத்தில் நான் ஒரு பேச்சாளர் சங்கத்துக்குச் செயலாளர். சங்கத்தின் பெயர் 'தங்கநா வட்டம்'. அதன் செயலாளருக்கோ மைக் முன்னால் நின்றால் 'வணக்கம்' என்பதுகூட முழுதாக வராது. 'வண' வரைக்கும் வரும். 'க்கம்' தொண்டையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். ஒருமுறை அந்த 'வண'வை மட்டும் சொல்லிவிட்டு, படி இருக்கிற பக்கம் என்று நினைத்துப் படியே இல்லாத பக்கம் இறங்கி, கீழே அடுக்கி வைத்திருந்த சோடா பாட்டில்கள் மேல் போய் உட்கார்ந்தேன். அன்றைய கூட்டத்தில் அதிகக் கைத்தட்டல் எனக்குத்தான்.

இப்படிப்பட்ட நான் ஒரு மகா பேச்சாளனைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். நன்றி சொல்லியே ஒரு ஊரை நடுங்கவைத்த மனிதன் உலகத்தில் அவன் ஒருவன்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் யாராவது மேடையேறித் திட்டினால் ஜனங்கள் சிரித்துக்கொண்டு கேட்பார்கள். அவன் எழுந்து 'நன்றி' என்றால் மட்டும் பெரிய மனிதர்களுக்கெல்லாம் கை தானாக நெஞ்சுக்குப் போகும்.

அவனை எல்லோரும் 'நன்றியுரை' என்றுதான் கூப்பிட்டோம். தாமலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற விவசாய வீட்டுப் பையன். ஒல்லி. கழுத்துப் பட்டன் வரை போட்ட சட்டை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. வகுப்பில் வருகை எடுப்பதும் நம்பரைக் கூப்பிட்டுத்தான் என்பதால், அவனுக்கு வேறு பெயர் உண்டு என்கிற நினைப்பே எங்களுக்கு வந்ததில்லை.

தங்கநா வட்டம் முளைத்த கதையையும் சொல்லவேண்டும். எங்கள் காலேஜில் மாலை நேரத்தில் 'செய்தித் தொடர்பு' என்று ஒரு சான்றிதழ் வகுப்பு ஆரம்பித்தார்கள். அதை நடத்தியவருக்கு நாங்கள் வைத்த பெயர் பேப்பர் சார். மதராஸில் ஏதோ ஒரு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்துவிட்டு வாத்தியாராக வந்தவர். பழக்கம் விடவில்லை. மெஸ்ஸில் இலையில் பரிமாறியதைக்கூட இடம் மாற்றி வைத்துத் திருத்திவிட்டுத்தான் சாப்பிடுவார். அவர் ஒருநாள் வகுப்பில் சொன்னார்:

"வெளிநாட்டு யூனிவர்சிடியில இந்தப் படிப்பு படிக்கிற பசங்களுக்குன்னு கௌரவச் சங்கம் இருக்குதுபா. கண்டவனும் உள்ள நுழைய முடியாது. ஓட்டுப் போட்டுத்தான் எடுப்பாங்க. மெழுகுவத்தி ஏத்திச் சத்தியம் வாங்குவாங்க. சட்டையில சின்னம் குத்துவாங்க. சங்கத்துக்குப் பேரே கிரேக்க எழுத்துலதான் இருக்கும்."

சின்ன காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை முதலாளியின் பிள்ளை வரதன் உடனே எழுந்தான். "கிரேக்கத்துக்கு எங்க சார் போறது? நம்மகிட்ட ஜரிகைதான் இருக்குது."

அப்படித்தான் தங்கநா வட்டம் பிறந்தது. வரதன் தலைவன். கையெழுத்து நன்றாக இருந்த பாவத்துக்கு நான் செயலாளர். பட்டுச்சேலைக் கரையில் விரல் நீளம் வெட்டிய ஜரிகைத் துண்டும் ஒரு ஊக்கும்தான் எங்கள் சின்னம். மெழுகுவத்தி வாங்கப் போன வரதன் மறந்துபோய்க் கோயில் வாசல் கடையில் கற்பூரம் வாங்கி வந்தான். உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, 'என் நாக்கை நல்வழியில் நடத்துவேன்' என்று சத்தியம். 'என் நாக்கை' வரைக்கும் வந்து எல்லோரும் கையை உதறிவிட்டோம். மிச்ச சத்தியம் இன்றுவரை பாக்கி.

சின்னத்தைக் குத்திக்கொண்ட முதல் வாரம் நான் பனியனோடு படுத்தால்கூட அது பனியனில் இருக்கும். ஊக்கு திறந்து நெஞ்சில் குத்தி, 'ஐயோ' என்று அலறியபோது மட்டும் எனக்குச் சொல் தடங்கல் இல்லாமல் வந்தது.

வட்டத்தில் புதிதாகச் சேர ஒரே விதி. ஆண்டு விழா மேடையில் பேசவேண்டும். பேச்சு முடிகிறவரை கூட்டம் கலையக் கூடாது. அப்புறம் பேப்பர் சார், தலைவன், செயலாளர் மூன்று பேரும் ஓட்டுப் போடுவோம்.

நன்றியுரைக்கு அந்த ஜரிகைமேல் உயிர். வகுப்பில் என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால் அவனுக்குத் தெரிந்தது நன்றியுரை ஒன்றுதான். 'இப்பொழுது நன்றியுரை' என்று மைக்கில் சொன்னால் தமிழில் அதற்கு 'எல்லோரும் எழுந்திருங்கள்' என்று அர்த்தம். முன்வரிசை செருப்பைத் தேடும். பின்வரிசை தெருவில் இருக்கும். மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே மேடைக்கு வருவார். காலி நாற்காலிகளைப் பார்த்து அவன் உருகி உருகி நன்றி சொல்வான். முடிப்பதற்குள் அவனுடைய பஸ் போயிருக்கும். அப்புறம் என் ஹாஸ்டல் ரூமில் பாயை விரிப்பான்.

"வேற ஏதாவது தலைப்புல பேசித் தொலையேன்பா" என்றேன்.

"அதெல்லாம் கருத்துப்பா. கருத்தை எவன் வேணாலும் சொல்லுவான். யாரு, என்னா, எங்க, எப்போ, ஏன், எப்டி, செய்திக்கு வேணும்னு பேப்பர் சார் சொன்ன ஆறும் நன்றியுரையில மட்டுந்தான் வருது. கூட்டத்துல அது ஒண்ணுதான் செய்தி."

சொன்னதோடு நிற்கவில்லை. எந்த விழாவானாலும் முதல்நாளே தறியில் நாடா ஓடுகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி விசாரிப்பான். பந்தல் கம்பு யாருடையது, தண்ணீர்ப் பானை எந்த வீட்டிலிருந்து வந்தது, வாழைமரம் யார் தோட்டம். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. அவனுக்குக் கிண்டல் தெரியாது, குத்திக்காட்டத் தெரியாது. அதுதான் ஆபத்தாகப் போயிற்று.

ஹாஸ்டல் தின விழாவில் அவன் சொன்னதை இப்போது நினைத்தாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

"சிறப்பு விருந்தினருக்கு மதியம் சாப்பாடு சமைச்சுக் குடுத்த நம்ம வார்டன் வீட்டம்மாவுக்கு நன்றி. ஹாஸ்டல் சாப்பாட்டைப் போட்டா இனிமே எவனும் இந்தப் பக்கம் வரமாட்டான்னு முன்கூட்டியே யோசிச்சு, வீட்லேருந்து கொண்டாரச் சொன்ன வார்டன் ஐயாவுக்கும் நன்றி."

வாசலைத் தாண்டியவர்கள் அப்படியே நின்றார்கள். வார்டன் கையிலிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு மேடைக்குக் கீழே போயிற்று. அதை எடுக்கிற சாக்கில் அவரும் மேடைக்குக் கீழே போனார். வெகுநேரம் வரவில்லை.

அடுத்தது பிள்ளையார்பாளையத்தில் ஒரு கல்யாணம். எங்கள் வகுப்புப் பையனின் அக்காவுக்கு. இசைத்தட்டு மாற்றுகிற இடைவெளியில் மைக் சும்மா இருந்தது. சும்மா இருக்கிற மைக்கைப் பார்த்தால் அவனுக்குப் பொறுக்காது. பெண் வீட்டார், பிள்ளை வீட்டார், பூக்காரர், நாயனக்காரர் என்று அழகாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் வந்தது:

"பொண்ணு கழுத்துல போட்டுக்கினு இருக்குற காசுமாலைய, கேட்டதும் மறுவார்த்தை பேசாம கழட்டிக் குடுத்த எதிர்வூட்டு அம்மாவுக்கு நன்றி!"

பெண்ணின் அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான், தாலி கட்டின கல்யாணம் நின்றுபோகிற அதிசயத்தைப் பார்க்கப்போகிறோம் என்று நினைத்தேன். எல்லோரும் பிள்ளையின் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் கோபமாக எழுந்தார். எழுந்தவர், என்ன நினைத்தாரோ, தன் கழுத்துச் சங்கிலியை முந்தானைக்குள் தள்ளிவிட்டு மறுபடி உட்கார்ந்து, "நல்லா பேசுறான் பையன். அவனை மொத சாப்புடச் சொல்லுங்க" என்றார். இவன் அடுத்து பிள்ளை வீட்டுக்கு எதிர்வீட்டிலும் போய் விசாரித்துவிடுவானோ என்று பயந்திருக்கவேண்டும்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு ஊரில் ஒரு பழக்கமே மாறிப்போயிற்று. நன்றியுரைக்கு யாரும் எழுந்து போவதில்லை. தன்னைப் பற்றிச் சொல்லிவிடுவானோ என்று பாதிப் பேர், பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிச் சொல்லமாட்டானா என்று மீதிப் பேர். தாமல் பஸ்ஸே போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசி வருஷ ஆண்டு விழா வந்தது. ஜரிகை வாங்க அவனுக்கு இருந்தது அந்த ஒரே மேடைதான். பரீட்சை முடிந்தால் தாமலோடு அவன் சரி. வரதனுக்கும் அன்று பெரிய நாள். சிறந்த பேச்சாளர் கேடயத்தை அவனுக்குத் தருவதாக முடிவாகியிருந்தது. சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. பேச ஆரம்பித்தால் அருவி என்று பேர்.

வரதன் என் ரூமுக்கு வந்து தலையில் கைவைத்துக்கொண்டான். "இந்த ஆளை மட்டும் மேடையேத்தாதேபா. எங்கப்பா வேற வர்றாரு."

பாயில் உட்கார்ந்திருந்த நன்றியுரை, "நான் பேசுறப்போ கூட்டம் கலையலன்னா ஜரிகை உண்டுதானேபா?" என்றான்.

"நாலு வரி எழுதித் தரேன். அதைத் தாண்டி ஒரு எழுத்து பேசக்கூடாது" என்றான் வரதன்.

"செய்திய எப்டிபா நாலு வரியில அடக்குறது?"

இங்கே என் முட்டாள்தனத்தின் இன்னொரு அத்தியாயம் வருகிறது. வாயால் பேச வராதவனுக்குக் கை சும்மா இருக்குமா? வரதனுக்குத் தலைமையுரை எழுதிக் கொடுத்தது நான். வேலை மும்முரத்தில் இருந்த பிரின்சிபாலுக்கு வரவேற்புரை எழுதிக் கொடுத்ததும் நான். 'ஐயாவுக்கு நேரமில்லை, நாலு பக்கம் குறிப்பு அனுப்பவும்' என்று சிறப்பு விருந்தினரின் கிளார்க் சொல்லியனுப்ப, சிறப்புரையும் நானே எழுதினேன். மூன்று பேருக்கும் தனித்தனியே எழுதி, மூன்று பேரிடமும் வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். என்னிடம் அப்போது உருப்படியாக ஒரே கதைதான் கைவசம். பட்டுக்கடை வாசலில் மறித்துக்கொண்டு நின்ற ஒரு யானை, ஊரே கத்தியும் நகராமல், பாகன் காதில் மெதுவாகச் சொன்ன ஒரு சொல்லுக்கு நகர்ந்த கதை. சொல்லின் வலிமை! மூன்றிலும் அதையே வைத்தேன். பெரிய மனிதர்கள், ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

விழா அன்று முதலில் பிரின்சிபால் எழுந்தார். யானை ராஜவீதியில் நின்றது. கூட்டம் ரசித்தது. அடுத்து வரதன். யானை கோயில் குளத்தங்கரையில் நின்றது. கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. அப்புறம் சிறப்பு விருந்தினர் எழுந்து, "வட நாட்டிலே நான் என் இரு கண்களாலும் கண்ட காட்சி" என்று ஆரம்பித்தார். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்:

"யானை இன்னும் போவலியாபா!"

நான் மேடையின் ஓரத்தில் திரைக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். அப்போதுதான் அறிவிப்பு வந்தது. இப்பொழுது நன்றியுரை. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. வாசலில் நின்றிருந்தவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

நன்றியுரை மைக் முன்னால் வந்து, வரதன் தனக்கு எழுதிக் கொடுத்த நாலு வரியைப் பணிவாகப் படித்தான். படித்துவிட்டு அந்தத் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தான். தொண்டையைக் கனைத்தான்.

"அடுத்து, விட்டுப்போனவங்க. தங்கச்சி நிச்சயத்துக்குக் கட்டுன மைக்கை அவுத்துக்கினு இங்க வந்த மைக்செட் அண்ணனுக்கு நன்றி. அங்க பாட்டே இல்லாம நிச்சயம் பண்ணிக்கிற அந்தத் தங்கச்சிக்கும் நன்றி. வரதன் பேசுறப்போ கைதட்டுறதுக்குன்னு தறிய நிறுத்திட்டு வந்து உக்காந்துக்கினு இருக்குற, அவங்க கடைக்கு நெய்யற அண்ணமாருங்களுக்கு நன்றி."

நெசவாளர்கள் பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள். வரதனின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். இதோடு விட்டுவிடு தெய்வமே என்று நான் திரைக்குப் பின்னால் கும்பிட்டேன். தெய்வம் விட்டிருக்கும். அவன் விடவில்லை.

"கடைசியா ஒருத்தர். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, மூணையும் கண்ணு முழிச்சு எழுதுனவரு. ஒரே யானைய மூணு ஊருக்கும் ஓட்டிக்கினு போனவரு. எங்க செகரட்டரி. அவருக்கு இந்த மேடையில நாற்காலிகூடப் போடல. அவருக்கு என் நன்றி!"

பிரின்சிபால் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். வரதன் கேடயத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான். சிறப்பு விருந்தினர் எழுந்தார். போயிற்று, கார் கதவு சாத்துகிற சத்தம்தான் பாக்கி என்று நினைத்தேன். அவர் நேராக மைக்குக்கு வந்து நன்றியுரையை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்பா, எல்லாரையும் சொன்னே. அந்த நாலு பக்கத்தையும் உக்காந்து டைப் அடிச்சானே எங்க கிளார்க்கு, அவனை ஏன் விட்டே?"

நன்றியுரையின் முகம் வெளுத்துவிட்டது. ஊரையே அதிரவைத்தவன் அதிர்ந்துபோனதை அன்றுதான் பார்த்தேன். "ஐயோ, விட்டுட்டேனே!" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு, கிளார்க்குக்கு, டைப் மெஷினுக்கு, கறுப்பு ரிப்பனுக்கு என்று வரிசையாக நன்றி சொல்லித்தான் நிறுத்தினான். பெரியவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் ஹாலே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. யாரும் எழுந்து போகவில்லை. மைக்செட்காரர்கூட ஒயரில் கைவைக்கவில்லை.

பேப்பர் சார் என்னையும் வரதனையும் ஓரமாக இழுத்தார். "கூட்டம் கலையல. ஓட்டைப் போடுங்க. நான் குடுக்கலாம்னு சொல்றேன்."

"இது கௌரவச் சங்கம் சார்!" வரதனுக்கு அழுகையே வந்துவிட்டது. "இருந்த கௌரவத்தை எல்லாம் இப்பதான் அவன் மைக்ல வாரிக் கொட்டினான். நான் முடியாதுன்றேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அவன்மேல் கொலைவெறி. அவனோ மேடையின் நடுவில், கூப்பிய கையை இறக்காமல், எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் 'குடுக்கலாம்' என்று தலையை ஆட்டினேன். வரதன் புதுச் சின்னம் இருந்த டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டான். சரி என்று என் சட்டையில் இருந்ததைக் கழற்றினேன்.

விதிப்படி செயலாளர்தான் மைக்கில் பெயரை அறிவித்துவிட்டுக் குத்தவேண்டும். மைக் முன்னால் போய் நின்றேன். ஆச்சரியம், 'வணக்கம்' முழுதாக வந்தது. "தங்கநா வட்டத்தின் புதிய உறுப்பினராக…" என்பதும் வந்தது. அதற்கு மேல்தான் ஒன்றும் இல்லை. பயத்தில் மறந்துபோகவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது. வரதனைப் பார்த்தேன். அவன் பேப்பர் சாரைப் பார்த்தான். அவர் செருப்பைப் பார்த்தார். மைக் திறந்திருப்பதை மறந்து நான் கேட்டுவிட்டேன்:

"உன் பேரு என்னாபா?"

ஹால் முழுக்க அது எதிரொலித்தது. காசுமாலைக்கும் யானைக்கும் சிரித்த கூட்டம் இதற்குச் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டார். 'யாரு' என்பதே தெரியாத, செய்தித் தொடர்பு படிக்கிற பிள்ளைகள் நாங்கள்!

அவன் மட்டும் கலங்கவே இல்லை. "பேரை அப்றம் பாத்துக்கலாம். பஸ்ஸு போயிடும், சீக்கிரம் குத்துபா" என்றான்.

குத்தினேன். குனிந்து ஜரிகையைத் தொட்டுப் பார்த்தான். மைக்கை அவன் பக்கம் திருப்பினேன். வாயைத் திறந்தான், மூடினான். பிறகு மைக்கை மெதுவாக என் பக்கமே தள்ளிவிட்டான்.

பஸ் ஸ்டாண்டு வரை அவனோடு நடந்தேன். வழியெல்லாம் நான்தான் கத்திக்கொண்டு போனேன். "பிரின்சிபால் நாளைக்கு என்னைக் கூப்பிட்டுக் கேப்பாரு, என்னா பதில் சொல்லுவேன்? வரதன் இனிமே என் முகத்துல முழிப்பானா? என்னை எதுக்குடா நடுச்சந்தியில நிறுத்தின?"

"எழுதினது நீதானே?"

"ஆமா!"

"அப்ப உனக்குத்தானே சொல்லணும்? வேற யாருக்குச் சொல்லுவாங்க?"

அதற்குள் தாமல் பஸ் புறப்பட்டுவிட்டது. ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டான். நான் கையை ஆட்டி, 'நன்றி' சொல்ல வாயெடுத்து, மைக் முன்னால் நிற்கிற மாதிரி 'நன்'னோடு திணறினேன். அவன் படிக்கட்டிலிருந்து எட்டி, பஸ் ஸ்டாண்டே கேட்கிற மாதிரி கத்தினான்:

"உனக்குப் பேச வராதுபா! அந்த ஆசைய வுட்டுட்டு எழுதிக்கினு கெட!"